நான் இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்து ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவள் நான். முறை தெரியாமல் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்து முடித்ததிலிருந்து எனக்கு நலமில்லை. பயப்படாதே, காய்ச்சல் இல்லை, சீனி கூடவில்லை, இடது காலில் இருந்த புண்ணும் ஆறிக்கொண்டுதான் வருகிறது. மனம்தான் ஒரு நிலையில் இல்லை. நான்கு நாளாக யோசித்துவிட்டு இன்று மேசையடிக்குச் சக்கரக் கதிரையை உருட்டி வந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாக வாசி. லேனாவுக்கும் சொல்லு. உனக்குச் சங்கடமான இடங்களை விழுங்கிவிடாமல் சொல்லு.

நீ சொன்னதை முதலில் திருப்பி எழுதுகிறேன், நான் பிழையாக விளங்கியிருந்தால் திருத்து. வருகிற வைகாசியில் உனக்கும் லேனாவுக்கும் கலியாணம். கோயில் கலியாணத்தைப் பிறகு இங்கே ஊருக்கு, கொக்குவிலுக்கு வந்து செய்வீர்கள். அங்கே முதலில் பதிவு. நான் வர வேண்டும், விமான ரிக்கெற் போட்டாயிற்று. பதிவு நடக்கிற இடம் உங்கள் நகரத்தின் பழைய பக்கத்தில், ஆற்றைப் பார்த்தபடி இருக்கிற ஒரு மண்டபம். "அது மூண்டாம் மாடி அம்மா. சரியான பழைய கட்டடம், லிஃப்ட் பூட்ட விடமாட்டினமாம். நீங்கள் கீழை கோப்பிக் கடையிலை இருங்கோ. அரை மணித்தியாலந்தான், முடிஞ்ச உடனை ஓடி வாறம்" என்றாய். நான் ஒன்றும் சொல்வதற்கு முதலே இன்னொன்றும் சொன்னாய். "லேனா வேறை இடம் பாப்பம் எண்டவ. ஊருக்கு வெளியிலை புதுக் கந்தோர் ஒண்டு இருக்கு, படி இல்லை, அங்கையும் கலியாணம் எழுதலாம். நான்தான் வேண்டாம் எண்டனான். அம்மா ஒண்டும் நினைக்கமாட்டா எண்டு சொன்னனான்." அதற்கு நான், "அதுக்கென்ன தம்பி, நான் இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றேன். நான் கீழே இருந்துகொள்ள நீங்கள் போய்விட்டு வரலாம் என்றானதும் நீ சந்தோஷமாகச் சிரித்தாய். "எனக்குத் தெரியும் அம்மா, நீங்கள் உப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு." பெற்ற மகன் தாயை இவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருக்கிறான் என்று நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். பெருமை வரவில்லை.

போன கோடையில் உன்னிடம் வந்து நின்ற மூன்று மாதத்தைப் பற்றி நான் ஊரில் எல்லோரிடமும் புளுகித்தான் வைத்திருக்கிறேன். வருகிற சனங்களுக்குப் படம் காட்டியே என் தொலைபேசி தேய்ந்துபோயிற்று. உன் நகரத்தின் பெயரை நான் சொன்னால் நீங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள், ஆகவே பெயரை எழுதப் போவதில்லை. அழகான நகரம். பொய் சொல்லக் கூடாது. அந்தப் பச்சை நிற ஆறும், ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கிற கல்வீடுகளும், யன்னலுக்கு யன்னல் தொங்குகிற சிவப்புப் பூக்களும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஆனால் அந்த நகரத்தின் தெருவைக் கட்டியவனுக்கு என்னைப்போல ஒருத்தி வருவாள் என்று தெரியாது. பனம்பாத்தியில் கொட்டை அடுக்கியதுபோல உருண்டைக் கற்களை நெருக்கமாகப் பதித்து வைத்திருக்கிறான். முதல் நாள் நீ என்னை அதில் உருட்டிக்கொண்டு போனபோது வாயில் மிச்சமாக இருந்த பற்களும் கழன்றுவிடும்போல இருந்தது. இரண்டாம் நாள் நீ வித்தை படித்துவிட்டாய்: கதிரையைத் திருப்பிப் பின்பக்கமாகச் சாய்த்து இழுத்தால் சில்லு கல்லில் மாட்டாது. அதனால் அந்த நகரத்தில் பாதியை நான் பின்பக்கமாகத்தான் பார்த்தேன். மற்றவர்கள் வரப்போவதைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் கடந்துபோனவை. ஒரு கட்டடத்தை ஆசையாகப் பார்க்கத் தொடங்கும்போதே அது சிறுத்துக்கொண்டு போகும்.

நல்லவற்றையும் சொல்ல வேண்டும். ட்ராமில் ஏறிய முதல் நாளை நான் மறக்கமாட்டேன். ஓட்டுநர் இறங்கி வந்து ஒரு இரும்புத் தகட்டை எடுத்து விரித்தார், என்னை ஏற்றும்படி உன்னிடம் சொன்னார், தகட்டை மடித்து வைத்தார், போய் ஓட்டத் தொடங்கினார். உள்ளே இருந்த ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. எங்கள் பஸ்ஸென்றால் ஆறு பேர் சேர்ந்து தூக்கியிருப்பார்கள், ஆறு பேரும் ஆளுக்கொரு புத்தி சொல்லியிருப்பார்கள், கொண்டக்டர் கெதியா, கெதியா என்று கத்தியிருப்பான், நானும் கும்பிட்டுக் கும்பிட்டு நன்றி சொல்லியிருப்பேன். அந்த மனுஷனுக்கு நான் நன்றி சொன்னபோது அவருக்கு ஏனென்றே விளங்கவில்லை. சீனி வருத்தத்தில் வலது காலை வெட்டி எடுத்த பிறகு, ஒருவருக்கும் கடமைப்படாமல் நான் ஒரு வாகனத்தில் ஏறியது அதுதான் முதல்தரம். பழம்பொருட்கள் பார்க்கப் போன நூதனசாலையில் வேறு மாதிரி. முன்வாசலில் பதினெட்டுப் படி. எங்களுக்குப் பின்வாசல், குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில், மணி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உனக்கு அது பெரிய வசதியாகத் தெரிந்தது. நான் வாளிகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தது வேறு. எங்கள் ஊரில் ஆரைப் பின்வாசலால் வரச்சொல்லி வைத்திருந்தோம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைப் பெற்ற ஐயா வீட்டிலும் அப்படித்தான். அவர்களும் மணி அடித்துவிட்டுக் காத்துத்தான் நின்றார்கள், மணிகூட இருக்கவில்லை, கூப்பிட்டுவிட்டு நின்றார்கள். அறுபத்தெட்டு வயதில்தான் எனக்கு அந்த இடத்தில் நிற்கிற முறை வந்தது.

அந்த மூன்று மாதத்தில் நான் எத்தனை இடங்களில் அந்த வசனத்தைச் சொன்னேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஆற்றில் வள்ளம் போகிற இடத்தில் சொன்னேன். நிலத்துக்குக் கீழே பழைய நிலவறை பார்க்கப் போனபோது சொன்னேன். உன் சிநேகிதன் சாப்பிடக் கூட்டிக்கொண்டுபோன கடையின் மேல்மாடிக்கு முன்னால் சொன்னேன். அன்று நீங்கள் எனக்குக் கீழே ஒரு கோப்பை சூப் வாங்கித் தந்துவிட்டுப் போனீர்கள். நான் இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ. ஒவ்வொரு முறையும் லேனா என் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் ஒன்று ஓம். "அம்மா, மேலே? ஓம்?" என்று கையைக் காட்டிக் கேட்பாள். நான் தலையாட்டி மறுப்பேன். நீ அவளுக்கு உங்கள் பாஷையில் ஏதோ சொல்வாய். என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்கலாம். அம்மாவுக்கு இருக்கத்தான் விருப்பம் என்று சொல்லியிருப்பாய்.

பெரிய தேவாலயத்துக் கோபுரத்தில் நீங்கள் ஏறிய நாளைப் பற்றி நான் உனக்கு ஒரு பொய் சொன்னேன். அதை இப்போது திருத்துகிறேன். இருபது நிமிடத்தில் வருகிறோம் என்றீர்கள். முற்றத்தில் ஒரு மரத்தடியில் என்னை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, மடியில் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுப் போனாய். என் தொலைபேசி உன் தோள்பையில் போய்விட்டது. தலைக்கு மேல் அந்தக் கோபுரத்து மணி கால் மணிக்கு ஒருதரம் அடிக்கும். முதலாவது அடித்தது, இரண்டாவது அடித்தது. எனக்குச் சலம் முட்டத் தொடங்கியது. கழிப்பறை எங்கே என்று கண்ணால் தேடினேன். முற்றத்தின் மற்றப் பக்கத்தில் பலகை தெரிந்தது, ஆனால் அது படி இறங்கிப் போகிற இடம். ஆரையாவது கேட்கலாம் என்று பிரேக்கை எடுத்து இரண்டு கையாலும் உருட்டிப் பார்த்தேன். முன்சில்லு இரண்டு கல்லுக்கு நடுவில் போய் இருந்துகொண்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. அந்த வழியால் போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் சிரித்து, கையசைத்து, என்னைப் படமெடுக்கக் கேட்கிறேன் என்று நினைத்துத் தன் தொலைபேசியை எடுத்தாள். ஐந்தாவது மணி அடிப்பதற்கு முதல் என்னால் முடியாமல் போயிற்று. சேலையும் நனைந்து, கதிரை மெத்தையும் நனைந்து, கீழே கல்லுக்குள்ளும் ஓடியது. நான் போத்தலைத் திறந்து மிச்சத் தண்ணீரை என் மடியில் ஊற்றினேன்.

நீங்கள் வந்தபோது, "போத்தல் சரிஞ்சு போச்சு தம்பி" என்றேன். "அது காயும் அம்மா, மேலை போய்ப் பாக்க என்ன வடிவு தெரியுமே" என்று நீ படங்களைக் காட்டத் தொடங்கினாய். லேனா தன் மேலங்கியைக் கழற்றி என் மடியில் போட்டாள், உன் கையிலிருந்த கதிரையை வாங்கித் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து உன்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு என்னைக் கழுவிவிட்டாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு வசனமும் இல்லை. இருந்திருந்தாலும் நான் வெட்கத்தில் வாய் திறந்திருக்கமாட்டேன். என் சேலையைத் தோய்த்து அவள் காயப்போட்டதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ நல்ல பிள்ளையைத்தான் எடுத்திருக்கிறாய். அவளை நீ எனக்கு அறிமுகப்படுத்தியபோது நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததற்கு இந்தக் கடிதத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இந்தக் கடிதத்தை அந்த முற்றத்தைப் பற்றி எழுதத் தொடங்கவில்லை. அதைவிடப் பழைய ஒன்றைச் சொல்ல வேண்டும். உன்னுடைய பூமணி மாமியைப் பற்றி.

மாமியை உனக்கு ஞாபகம் இருக்காது, அவரைக் கடைசியாகப் பார்த்தபோது உனக்கு நான்கு வயது. அப்பாவின் மூத்த அக்கா, எனக்கு மச்சாள். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவர். அப்பா ஒரு பலகைக்கு நான்கு சில்லுப் பூட்டிக் கொடுத்திருந்தார். அதில் இருந்துகொண்டு இரண்டு கையாலும் நிலத்தை உந்தி, வீடு வளவு முழுக்க வலம் வருவார். பாவப்பட்ட ஆள் என்று நினைத்துவிடாதே. வாய் என்றால் அப்படி ஒரு வாய். முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாட இருந்தால் எங்கள் ஒழுங்கையில் அவரை வெல்ல ஆளில்லை. தோற்றவர்களோ, அவர் களவு விளையாடவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்தான். பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து மரண அறிவித்தல்வரை வாசித்துவிட்டு, அப்பாவோடு அரசியல் சண்டை பிடிப்பார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உனக்குத் தெரியும். கலியாணமோ தேரோ, வீட்டில் எல்லோரும் வெளிக்கிட்டால் வீட்டை வெறுமனே பூட்டிவிட்டுப் போவதில்லை, காவலுக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும். மற்ற வீடுகளில் அது முறை மாறி மாறி வரும். எங்கள் வீட்டில் முறை மாறவில்லை. "நான் இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்று நாங்கள் சேலை உடுக்க முதலே மச்சாள் சொல்லிவிடுவார். என்னுடைய கலியாணத்துக்கும் அவர் கோயிலுக்கு வரவில்லை. சொந்தத் தம்பியின் கலியாணம். தாலி கட்டி முடிந்து நான் அந்த வீட்டுப் படலையைத் தாண்டி வந்தபோது பலகையில் இருந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் ஒண்டும் விடாமல் சொல்லு பிள்ளை. மேளம் ஆர்? தாலி கட்டேக்கை தம்பிக்குக் கை நடுங்கினதே?" என்று கேட்டார். புதுப்பெண் நான், களைத்துப்போய் இருந்தேன். பேந்து சொல்லுறன் மச்சாள் என்றேன். பிறகு சொன்னேனா என்று எனக்கு ஞாபகமில்லை. போகாமல் இருக்கத்தான் விருப்பம் என்ற ஒருத்தி ஏன் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருப்பது எனக்கு மெத்த வசதியாக இருந்தது.

சண்டை நெருங்கியதால் வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த ஐப்பசி மழையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் அதைப் பெரிதாக எழுதப் போவதில்லை. ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளிக்கிடச் சொன்னார்கள். எங்களிடம் ஒரு சைக்கிள். உனக்குக் காய்ச்சல், தோளில் கிடந்தாய். அப்பா சொன்னார்: "அக்காவைக் கரியரிலை வைச்சுக் கட்டி உருட்டிக்கொண்டு போறன். நீ பிள்ளையைத் தூக்கு. சாமானை விடுவம்." எனக்கு அரிசியை விட மனமில்லை. உடுப்புப் பெட்டியை விட மனமில்லை. போகிற இடத்தில் ஆர் எங்களுக்குச் சோறு தரப்போகிறார்கள் என்று பயம். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் முகத்தை மச்சாள் பார்த்திருப்பார். "எனக்கென்ன, நான் இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ. ரெண்டு நாளிலை வந்திடுவியள் தானே. வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அவவே சொல்லுறா தானே."

மூன்றே மூன்று சொல். முப்பது வருடமாக நான் அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். மச்சாள் இருக்க வேண்டிய கரியரில் அரிசி மூட்டையும் பெட்டியும் ஏறின. நான்கு வாளியில் தண்ணீர் நிரப்பி, கையெட்டும் இடத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு வெளிக்கிட்டோம். அடுத்த நாளே அப்பா திரும்பிப் போக வெளிக்கிட்டார், பாதை மூடியாயிற்று. அதற்கடுத்த நாளும் போனார். அரைவழியில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்தது அடுத்த சித்திரையில்.

வீட்டுக்குக் கூரை இல்லை. மச்சாளும் இல்லை. எழும்ப மாட்டேன் என்று பக்கத்து வளவில் தங்கிவிட்ட கிழவர் ஒருவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். "அவ ஒருநாளும் வீட்டுக்குள்ளை இருக்கேல்லை பிள்ளை. விடிஞ்சால் பலகையிலை உருண்டு படலையடிக்கு வந்திடுவா. றோட்டைப் பாத்துக்கொண்டு இருப்பா. மழை பெய்தாலும் உள்ளுக்குப் போகமாட்டா. நான் கத்துவன், கேக்கமாட்டா. இண்டைக்கு வருவினம் எண்டுவா." மார்கழியில் மச்சாளுக்குக் காய்ச்சல் கண்டதாம். தன்னால் முடிந்த கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்தாராம். எரிக்க ஆளும் இல்லை, விறகும் இல்லை. வளவின் கோடியில் தன் கையாலேயே குழி வெட்டி அடக்கம் செய்ததாகச் சொல்லி, அதற்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். எங்களிடம்! அப்பா நிலத்தில் இருந்துவிட்டார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

நாங்கள் இடம்பெயர்ந்து தங்கிய சாவகச்சேரியில் எங்களோடு இருந்தபோது காய்ச்சலில் செத்துப்போனா என்று ஊருக்கும் சொன்னோம், உனக்கும் சொன்னோம். அப்பா என்னை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. அவர் சாவதற்குக் கொஞ்ச நாளைக்கு முதல், ஆஸ்பத்திரிக் கட்டிலில், "அண்டைக்கு நான் உன்ரை முகத்தைப் பாத்திருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போக நினைத்தாரோ என்னவோ. அது என்னுடையது, ஒருவரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

தேவாலயத்து முற்றத்தில், சில்லு கல்லில் மாட்டி, நீங்கள் வருகிற கதவைப் பார்த்தபடி நான் இருந்த அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தில் எனக்கு மச்சாள்தான் ஞாபகம் வந்தார். நான் இருக்கிறன் என்று சொன்னவர் ஒருநாள்கூட வீட்டுக்குள் இருக்கவில்லை என்பதன் பொருள் அன்றுதான் எனக்கு உடம்பில் விளங்கியது. எனக்கு ஒன்றேகால் மணித்தியாலம். அவருக்கு எத்தனை நாள் என்று என்னால் கணக்குப் பார்க்க முடியவில்லை, பார்க்கவும் துணிவில்லை.

நாங்கள் எப்படிப்பட்ட சனம் என்று யோசித்துப் பார். ஒரு தேத்தண்ணிக்கு மூன்று தரம் கேட்கிற ஊர் இது. வந்தவர் வேண்டாம் என்பார், அது மரியாதைக்குச் சொல்கிற வேண்டாம் என்று எங்களுக்குத் தெரியும், கேட்காமலே ஊற்றிக் கொண்டுவந்து வைப்போம். முதல் வேண்டாத்தை நம்பித் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினால், படலை தாண்டியதும் எங்களைப் பற்றிக் கதைப்பார்கள். அப்படி இருந்தும், நடக்க முடியாத ஒருத்தி நான் வரவில்லை என்றால் மட்டும் ஒரே தரத்தில் நம்பிவிடுகிறோம். மறுதரம் கேட்பதில்லை. கேட்டால் அவள் ஓம் என்றுவிடுவாளோ என்ற பயம். இதை நான் உன்னைக் குற்றஞ்சாட்ட எழுதவில்லை. உனக்கு இதைப் படிப்பித்தவள் நான். நீ தவழ்கிற வயதிலிருந்து அந்த வீட்டில் பார்த்து வளர்ந்தது இதைத்தான்.

சொல்பவளையும் சும்மா விடக் கூடாது. மச்சாள் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியும். பிள்ளைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்ற பாசம் அதில் கால்வாசி. மிச்சம் பயமும் வறட்டுக் கௌரவமும். உன் வாயிலிருந்து ஏலாது அம்மா என்ற சொல் வருவதை என்னால் கேட்க முடியாது. அதனால் நீ சொல்ல முதல் நான் முந்திக்கொள்கிறேன். அப்போது நீ நல்ல மகன், நான் நல்ல தாய், ஒருவருக்கும் குறையில்லை, கதிரை மட்டும் கீழே நிற்கிறது. கலியாணம் கட்டப் போகிற உனக்குத் தாயாக ஒரு புத்தி சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். லேனா ஒன்றுமில்லை என்று சொன்னால் இன்னொருதரம் கேள். அவள் கதிரையில் இருக்க வேண்டியதில்லை. மனுஷருக்குக் காலிருந்தும் ஏற முடியாத படிகள் ஆயிரம் இருக்கின்றன. அவளும் உன்னை இரண்டாம் தரம் கேட்கட்டும். உங்கள் வீட்டில் முதல் பதிலில் ஒருவரும் திருப்திப்பட வேண்டாம்.

இனி என் விஷயம். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எனக்கு மேலே வர வேண்டும். நீ கையெழுத்து வைக்கும்போது உன் கை நடுங்குகிறதா என்று நானே என் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு ஆரோ வந்து சொல்லிக் கேட்க எனக்கு விருப்பமில்லை. மருத்துவர் இடது காலைப் பற்றி நிச்சயமாக ஒன்றும் சொல்கிறார் இல்லை. இது நான் செய்கிற கடைசிப் பயணமாகவும் இருக்கலாம். மூன்று மாடிக்கும் நான்கு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறுவதென்றால் எனக்குப் பயம்தான், ஆனால் அதுதான் வழி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். லேனா சொன்ன அந்தப் புதுக் கந்தோர் எனக்குப் போதும். ஆறு தெரியாவிட்டால் என்ன, எனக்கு நீங்கள் இரண்டு பேரும் தெரிந்தால் காணும்.

ஆனால் உனக்கு அந்த ஆற்றங்கரை மண்டபம்தான் வேண்டுமென்றால் அதுவும் உன் உரிமை. வாழ்க்கையில் ஒருநாள் வருகிற நாள், நீ ஆசைப்பட்ட இடம். நான் கோபிக்கமாட்டேன், கீழே கோப்பிக் கடையில் வந்து இருக்கவும் மாட்டேன். இங்கே கொக்குவிலில் இருந்துகொண்டு உங்களை வாழ்த்துவேன். ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். அப்படியென்றால் அதை நீ சொல்லு. "அம்மா, உங்களுக்காக என்னாலை இடத்தை மாத்த ஏலாது, நீங்கள் இல்லாமல் எழுதிறம்" என்று உன் வாயால், உன் சொல்லில் சொல்லு. அழுவேன், பிறகு தாங்கிக்கொள்வேன். உனக்காக அந்த வசனத்தை நானே சொல்லித் தந்துகொண்டிருக்க இனி என்னால் முடியாது மகனே.

அம்மா